நரம்பு வலிக்கு ஏன் வலிப்பு மாத்திரை?

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் பதினெட்டு வருசமாக மருந்தாளுநராக இருக்கிறேன். போன மாசம் ஒரு நாள் சாயங்காலம், எழுபது வயது தாண்டிய ஆத்தா ஒருவர் மூன்றே மாத்திரை குறைந்திருந்த அட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"ஏனம்மிணி, இது காக்காவலிப்புக்குக் குடுக்கற மாத்தரையாமா? என்ற பேரன் போன்ல பாத்துப்போட்டுச் சொல்றான். எனக்கு எப்ப வலிப்பு வந்துச்சு? பாதம் திகுதிகுன்னு எரியுதுன்னுதானெ ஆஸ்பத்திரிக்குப் போனேன்!"

அட்டையில் இருந்தது கபாபென்டின், 300 மி.கி. பேரன் சொன்னதில் பொய் இல்லை. அமெரிக்காவில் 1993இல் அந்த மருந்துக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தது வலிப்பு நோய்க்குத்தான். டாக்டர் எழுதியதிலும் தப்பில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்று அன்றைக்கு ஆத்தாவுக்குக் கால் மணி நேரம் சொன்னேன். கடையில் கூட்டமாக இருக்கும் நாளில் அந்தக் கால் மணி நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை. கிடைக்காதவர்கள் மாத்திரையை அலமாரியில் போட்டுவிட்டு, ராத்திரியெல்லாம் ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ‘நரம்பு’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடலாம். நம் பேச்சில் அந்த ஒரு சொல் மூன்று வேலை செய்கிறது. "நரம்புல ஊசி போட்டாங்க" என்றால் அது ரத்தக்குழாய். "இடுப்புல நரம்பு பெசகிருச்சு" என்றால் பெரும்பாலும் தசையோ தசைநாரோ. "கை விரல் மதமதன்னு இருக்குது, நரம்புல ஏதோ கோளாறு" என்றால்தான் அது மூளைக்கும் உடம்புக்கும் நடுவே சேதி கொண்டுபோகிற நரம்பு. பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்குக் கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்துச் சுருண்டு நிற்பது ரத்தக்குழாய். அதையும் ‘நரம்புச் சுருட்டு’ என்றுதான் சொல்கிறோம். சொல் ஒன்றாக இருப்பதால் நரம்பு மாத்திரை கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வரும் எந்த மாத்திரையும் உதவாது. அதற்கு வைத்தியம் வேறு, பார்க்கவேண்டிய டாக்டரும் வேறு.

இனி வலிக்கு வருவோம். கடப்பாரை காலில் விழுந்தால் வரும் வலி ஒரு வகை. அடிபட்ட இடத்தில் புராஸ்டாகிளான்டின் போன்ற ரசாயனங்கள் சுரக்கின்றன, வீங்குகிறது, அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போகிறது. நரம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அவ்வளவுதான். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் அந்த ரசாயனம் உண்டாவதைத் தடுக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971இல் கண்டு சொன்ன ஜான் வேனுக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது.

நரம்பு வலி அப்படி இல்லை. கிணற்று மோட்டாருக்குப் போகும் கேபிளை எலி கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரில் பழுதில்லை, ஆனால் மேலுறை போன இடத்தில் பொறி பறக்கிறது. சர்க்கரை நோயில் பல வருசமாகக் கால் நரம்புகளுக்கு நடப்பது இதுதான். காலில் காயம் இல்லை, வீக்கம் இல்லை. ஆனால் கெட்டுப்போன நரம்பு தானாகவே மூளைக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கிறது: எரியுது, குத்துது, எறும்பு ஊருது என்று. போர்வை பட்டாலே வலிக்கிறது என்று சிலர் சொல்லும்போது வீட்டில் நம்ப மாட்டார்கள். நம்புங்கள், அது உண்மையான வலி.

இதற்கு டைக்ளோஃபெனாக் போட்டால் என்ன ஆகும்? தடுப்பதற்கு அங்கே ரசாயனம் ஏதும் பெரிதாக இல்லை. எரிச்சல் அப்படியே இருக்கும். கூடவே வயிறு புண்ணாகும், ஏற்கெனவே சர்க்கரையால் களைத்துப்போன சிறுநீரகம் இன்னும் கெடும். அந்த மருந்து சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்து, இந்தியா முழுக்க அந்த இனத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மிஞ்சிய கழுகுகளில் ஒரு கூட்டம் சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கூடு கட்டுகிறது. மனிதனுக்கும் கழுகுக்கும் அளவில் வித்தியாசம் உண்டு. ஆனாலும், வருசக்கணக்கில் தினமும் ஒரு வலி மாத்திரை வாங்கிப்போகும் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கழுகுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

அப்படியானால் எரிச்சலை அடக்குவது எது? பொறி பறப்பதைத் தணிக்கும் மருந்துதான். வலிப்பு என்பது மூளையில் நரம்புகள் கூட்டமாக அடங்காமல் துடிப்பது. நரம்பு வலி என்பது காலிலோ முகத்திலோ உள்ள நரம்புகள் அடங்காமல் துடிப்பது. இடம் வேறு, நோய் வேறு, துடிப்பு ஒன்று. அதனால்தான் ஒரே மாத்திரை இரண்டுக்கும் போகிறது.

கபாபென்டின் எப்படி அடக்குகிறது என்பதை வாய்க்காலை வைத்தே சொல்லலாம். கீழ்பவானிப் பாசனத்திலோ காலிங்கராயன் பாசனத்திலோ வயலுக்கு மடை உண்டல்லவா? ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்லும் முனையிலும் அப்படி நுண்ணிய மடைகள் இருக்கின்றன. மடை திறந்தால் கால்சியம் உள்ளே பாயும். கால்சியம் பாய்ந்தால்தான் சேதி சொல்லும் ரசாயனம் வெளியே கொட்டும். கெட்டுப்போன நரம்பில் இந்த மடைகள் அளவுக்கு மீறிப் பெருகிவிடுகின்றன. கபாபென்டினும் அதன் தங்கை மருந்தான பிரிகாபலினும் அந்த மடையின் ஒரு பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு, மடைகள் நரம்பின் முனைக்கு வந்துசேருவதைக் குறைக்கின்றன. பாய்ச்சல் மட்டுப்படுகிறது. வாய்க்காலை அடைப்பதில்லை, மடையைத்தான் குறைக்கிறது. அதனால்தான் தலைவலி மாத்திரை போல அரை மணி நேரத்தில் வித்தியாசம் தெரியாது. நாளும் வாரமும் ஆகும்.

ஆத்தாவின் பேரனிடம் சொல்ல இன்னொரு சேதியும் உண்டு. கார்பமசெபின் என்ற மருந்தை 1953இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் வால்ட்டர் ஷிண்ட்லர் என்பவர் உருவாக்கினார். இன்றைக்கு எல்லாருக்கும் அது வலிப்பு மாத்திரை. ஆனால் அமெரிக்காவில் அதற்கு முதல் அனுமதி 1968இல் முகநரம்பு வலிக்குத்தான் கிடைத்தது. வலிப்புக்கு அனுமதி 1974இல்தான் வந்தது. பிரிகாபலினும் அங்கே 2004 கடைசியில் நரம்பு வலிக்கு முதலில் வந்து, மறு வருசம்தான் வலிப்புக்குப் போனது. ஆக, ‘வலிப்பு மாத்திரை’ என்பது எது முன்னால் வந்தது, ஊரில் எந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பதைப் பொறுத்த விஷயம். உங்கள் உடம்பில் என்ன நோய் என்பதை மாத்திரையின் பெயர் சொல்லாது.

முகநரம்பு வலி என்றேனே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல் துலக்கும்போதோ, காற்றுப் பட்டாலோ, ஒரு கன்னத்தில் மின்னல் வெட்டினதுபோல் நொடி நேரம் வந்துவந்து போகும். பல்வலி என்று நினைத்து நல்ல பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டவர்கள் என் கடைக்கே வந்திருக்கிறார்கள். கார்பமசெபின் அதற்கு நன்றாகக் கேட்கும். ஆனால் அது கவனமாகக் கையாள வேண்டிய மருந்து. ஆரம்பித்த முதல் சில வாரங்களில் உடம்பில் தடிப்பு, வாயில் புண், கண் சிவப்பு, காய்ச்சல் எது வந்தாலும் மறுவேளை மாத்திரை போடாமல் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அபூர்வம்தான், ஆனால் தோலே உரிந்து உயிருக்கு ஆபத்தாகும் ஒவ்வாமை அது.

மூன்றாவது வகையைப் பார்த்தால் பேரன்கள் இன்னும் பயப்படுவார்கள். அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், டுலாக்செடின் என்று தேடினால் ‘மனச்சோர்வு மருந்து’ என்று வரும். "என்னைய பைத்தியம்னு நெனச்சுட்டாங்களா?" என்று ஒரு அண்ணன் கடையிலேயே அழுதுவிட்டார். மூளைக்கு வலியைக் கேட்பது மட்டும் வேலை இல்லை. மேலிருந்து தண்டுவடத்துக்கு "போதும், நிறுத்து" என்று சொல்லி வலியை அடக்கும் வழியும் அதற்கு இருக்கிறது. அந்த அடக்கும் சேதியைச் சுமப்பவை நார்அட்ரினலின், செரடோனின் என்ற இரண்டு ரசாயனங்கள். இந்த மருந்துகள் அவற்றைக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க வைக்கின்றன. அளவைப் பார்த்தாலே வித்தியாசம் புரியும்: மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் 75 மி.கி.யும் அதற்கு மேலும் போகும், நரம்பு வலிக்கு ராத்திரி 10 மி.கி.யில் தொடங்குவார்கள். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், காலையில் மந்தமாக இருக்கும். அதனால் படுக்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போடச் சொல்வேன். புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்த நோய், இதயத்துடிப்புக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டுலாக்செடினைச் சாப்பாட்டோடு முழுசாக விழுங்குங்கள். மருந்து அடைத்த கேப்ஸ்யூல் குழாயைப் பிரித்துக் கொட்டாதீர்கள். குடிப்பழக்கமோ ஈரல் நோயோ இருந்தால் அதை மறைக்காதீர்கள்.

எங்கள் பக்கம் நரம்பு வலி வர இன்னொரு பெரிய காரணம் அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பின் வேரில் பல வருசம் உறங்கிக் கிடந்து, வயதான பிறகு ஒரு நரம்பின் வழியே கொப்புளமாக வெளியே வருவதுதான் அது. மண்பானை செய்பவர் வீட்டுக்குப் போய் காவியில் அக்கி எழுதிக்கொண்டு வருவது இன்றும் நடக்கிறது. எழுதிக்கொள்வதை நான் தடுக்க மாட்டேன். என் அம்மாயியும் எழுதிக்கொண்டவர்தான். ஆனால் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் வகை மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். எழுதிவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கும் போய்விடுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் கொப்புளம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தோல் ஆறி மாசக்கணக்கான பிறகும் அந்த இடத்தில் எரிச்சல் நின்றுவிடுவது உண்டு. அது தோலின் வலி இல்லை, நரம்பின் வலி. அதற்கும் கபாபென்டின், அமிட்ரிப்டிலின்தான்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வலி முற்றிலும் போவது அபூர்வம். பாதியாகக் குறைந்தால் அதை ஆய்வுகளிலேயே நல்ல பலன் என்று கணக்கில் வைக்கிறார்கள். கபாபென்டின் வகையில் ஏழெட்டுப் பேருக்கு ஒருவர், அமிட்ரிப்டிலின் வகையில் நாலைந்து பேருக்கு ஒருவர் என்று, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் கூடுதலாக அந்த அளவு பலன் அடைகிறார்கள். ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் மாற்றிப் பார்ப்பது அதனால்தான். டாக்டருக்குத் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் சயாடிகா வலிக்குப் பிரிகாபலினைச் சோதித்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. அதில் வெற்று மாத்திரையைவிடப் பலன் கூடுதலாக இல்லை. ‘டிஸ்க்’ என்று சொல்லிக்கொண்டு பிரிகாபலினை வருசக்கணக்கில் சாப்பிடுபவர்கள், இது இன்னும் வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டுப்பார்ப்பது நியாயம்.

இந்த மாத்திரைகள் வலியைத்தான் குறைக்கும், உணர்வைத் திருப்பிக் கொடுக்காது. அதுதான் எனக்குப் பெரிய பயம். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பழனிக்குப் பாதயாத்திரை போய்த் திரும்புபவர்களில் சர்க்கரைக்காரர்கள் சிலர் உள்ளங்காலில் கொப்புளத்தோடு கடைக்கு வருவார்கள். தார் ரோட்டின் சூடே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. "எரிச்சல் இல்லீங்க, நல்லாருக்குது" என்பார்கள். எரிச்சல் போனது மாத்திரையாலா, நரம்பு செத்ததாலா என்று காலைத் தொட்டுச் சோதித்தால்தான் தெரியும். ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் பத்து கிராம் அழுத்தம் வரும்படி வைத்துப் பார்ப்பார்கள், இரண்டு நிமிட வேலை. வருசத்துக்கு ஒரு தடவை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தால் அதையும் காட்டிவிடுங்கள். தொழுநோயாக இருந்தால் மருந்து இலவசம், முழுசாகக் குணமாகும்.

சிறுநீரகத்தைப் பற்றி என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் என் மாமனாருக்கு 2.6 இருந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கால் எரிச்சலுக்குப் பிரிகாபலின் 75 மி.கி. காலையும் ராத்திரியும் எழுதினார்கள். பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டை அங்கே யாரும் கேட்கவில்லை. வீட்டு ஆள்தானே என்று நானும் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் சோற்றுக் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினார், கை வெடுக்வெடுக்கென்று துள்ளியது, ராத்திரி திண்ணையில் இருந்து விழுந்தார். கபாபென்டினும் பிரிகாபலினும் ஈரலில் உடையாமல் அப்படியே சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடம்பில் தேங்கும். அளவை ராத்திரி 25 மி.கி. என்று குறைத்த பிறகு சரியானார். அன்றிலிருந்து, இந்த இரண்டு மருந்தையும் கேட்டு வரும் பெரியவர்களிடம் "கிரியேட்டினின் எவ்வளவுங்க?" என்று கேட்காமல் நான் அட்டையை எடுப்பதில்லை.

இன்னொரு சிக்கல் ‘சத்து மாத்திரை’. பிரிகாபலினையோ கபாபென்டினையோ மீத்தைல்கோபாலமின் என்ற பி12 வைட்டமினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கிறார்கள். சிவப்பாக இருக்கும், "நரம்புக்குச் சத்து" என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் நாலு கொடுப்பார்கள். அதில் இருப்பது மயக்கம் தரக்கூடிய மருந்து என்று யாருக்கும் தெரியாது. பல வருசம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் பி12 குறைவது உண்மை. அதுவே நரம்பைக் கெடுக்கும். ஆனால் ரத்தத்தில் அளந்து பார்த்துவிட்டு பி12 மட்டும் தனியாக எடுக்கலாம். குறைவு இல்லாதவருக்கு அது வலியைப் போக்காது.

கபாபென்டினோ பிரிகாபலினோ ஆரம்பிக்கும் முதல் வாரம் டிவிஎஸ் 50யை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகாதீர்கள். தலைசுற்றலும் தூக்கமும் முதலில் இருக்கும், பெரும்பாலும் குறைந்துவிடும். கால் வீங்கலாம், எடை கூடலாம். கபாபென்டினோடு வயிற்றெரிச்சல் டானிக்கைச் சேர்த்துக் குடிக்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மருந்து முழுசாக உடம்பில் சேராது. சாராயத்தோடும், தூக்க மாத்திரையோடும், டிரமடால், டபென்டடால் போன்ற கடுமையான வலி மருந்துகளோடும் இவை சேர்ந்தால் மூச்சு மந்தப்படும். போதைக்காக இவற்றைத் தேடி வரும் பையன்களும் இருக்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று சொல்வது அதனால்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆத்தா நாலு வாரம் கழித்து மறுபடி வந்தார். டாக்டர் அளவைக் கொஞ்சம் ஏற்றியிருந்தார். "எப்புடி இருக்குதுங்காத்தா?" என்றேன். "இருக்குது கண்ணு, இல்லாம இல்ல. ஆனா போர்வையப் போத்திட்டுப் படுக்கறேன். வெடியால மூணு மணிக்குத்தான் முழிப்பு வருது" என்றார். பிறகு, "நல்லாயிருச்சுன்னா நானே நிறுத்திக்கலாமா?" என்று கேட்டார். நிறுத்தக் கூடாது என்றேன். பழகிய நரம்புக்கு மருந்தைச் சட்டென்று எடுத்துவிட்டால் தூக்கம் கெடும், வியர்த்துக் கொட்டும், படபடக்கும். வலிப்பே வராதவருக்கும் அபூர்வமாக வலிப்பு வரலாம். ஏற்றியதுபோலவே படிப்படியாக, டாக்டர் சொல்லி, வாரக்கணக்கில் இறக்க வேண்டும்.

மாத்திரைக் கவரை என்னிடமே திருப்பி நீட்டி, பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். கறுப்பு மையில் எழுதினேன்: ‘கால் எரிச்சலுக்கு. வலிப்புக்கு அல்ல. டாக்டரைக் கேக்காம நிறுத்தக் கூடாது.’ ஆத்தா எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, "என்ற பேரன் போன் நெம்பரையும் அடில போட்டுடு, அவனும் படிக்கட்டும்" என்று நெம்பரைச் சொல்ல ஆரம்பித்தார்.